நல்லெண்ணெய் பூசிய இன்ஜெக்டர்

டீசல் என்ஜின் ஓடுவதைக் கல்யாணமாகி ஏரலுக்கு வந்த பிறகுதான் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்கு முன் புத்தகத்தில் படம் வரைந்து பாகம் குறித்ததோடு சரி. பெட்ரோல் என்ஜினுக்குத் தீப்பொறி வேண்டும். டீசலுக்கு அது கூட வேண்டாம். காற்றை அடைத்து நெருக்கு நெருக்கென்று நெருக்கினால் அதுவே கொதித்துப்போகும். அந்தச் சூட்டில் டீசலைத் தூவானமாகப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பீய்ச்சுகிற சாமானுக்குத்தான் இன்ஜெக்டர் என்று பெயர். ஒரு சாண் நீளம், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன். என்ஜினின் தலையில் ஒரு துளைக்குள் செருகி, இரண்டு நட்டுப் போட்டு இறுக்கியிருப்பார்கள். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் அதை நாசில் என்பார்கள், என்ஜின் தலையை ஹெட்டு என்பார்கள்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். பிறந்த ஊர் பாளையங்கோட்டை. எதைப் பார்த்தாலும் அது எதனால் ஆனது என்று கேட்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. அதைவிட மோசமாக, யாராவது கேட்டுவிட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. தொண்ணூறுகளின் நடுவில் நடந்த இந்தக் காரியம் முழுக்க அந்த இரண்டாவது குணத்தால் வந்த வினை.

வீட்டில் மாமனாரும் நானும்தான். என் கணவருக்கு மதுரையில் வேலை, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வருவார். மாமனார் ரெவின்யூவில் இருந்து ஓய்வு பெற்றவர், தீட்சை வாங்கிய சைவர். காலையில் பூசை முடியாமல் அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவருக்கு ஒரு வாழைத்தோட்டம் இருந்தது. அதைக் குத்தகைக்குப் பயிர் செய்தவள் ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக நின்று செய்தாள். முந்நூறு வாழை. அந்த முந்நூறு குலையும்தான் அவர்களுக்கு ஒரு வருஷத்துச் சோறு.

கால்வாயில் தண்ணீர் வருகிற வரை அவளுக்குக் கவலை இல்லை. பங்குனியில் கால்வாயை அடைத்துவிட்டால் பிறகு கிணறும் அதன் மேல் இருந்த டீசல் என்ஜினும்தான் கதி. மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்த மனு எந்த மேசையில் தூங்கியதோ, ஆபீஸ் நெளிவு சுளிவெல்லாம் தெரிந்த மாமனாராலேயே அதை எழுப்ப முடியவில்லை. என்ஜின் ஓடுகிற நாட்களில் மாமனாரும் தோட்டத்துக்குப் போவார். குழாயில் வந்து விழுகிற தண்ணீரில் குளித்துவிட்டு, அதே தண்ணீரைச் செம்புக் குடத்தில் பிடித்து வந்து லிங்கத்துக்கு அபிஷேகம் செய்வார். ஆறு இன்னும் இரண்டு மடங்கு தூரம், அவருக்கு முழங்கால் வலி. அதனால் இந்த ஏற்பாடு.

வருஷா வருஷம் சரஸ்வதி பூசைக்கு முன்னால் மெக்கானிக் வந்து என்ஜினைப் பிரித்து மாட்டுவார். அவர் பள்ளிவாசல் தெருக்காரர், நாற்பதைத் தாண்டியவர். பேச்சு குறைவு, விசில் அதிகம். அந்தப் புரட்டாசியில் அன்று சனிக்கிழமை என்பதால் நானும் போயிருந்தேன். அவர் இன்ஜெக்டரைக் கழற்றி வெளியே வைத்து டீசல் குழாயோடு மட்டும் பூட்டி, கைப்பிடியைச் சுற்றினார். கர்ர் கர்ர் என்று ஒரு சத்தம். ஊசித் துளைகள் வழியே டீசல் புகையாகவே மாறி வந்தது. திரவம் எந்த இடத்தில் முடிந்து புகை எங்கே தொடங்குகிறது என்று குனிந்து பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. "கைய நீட்டிராதிய டீச்சர், தோலத் துளைச்சிட்டுப் போயிரும்" என்றார்.

பிறகு ஒரு தகர டப்பாவைத் திறந்து, ஆள்காட்டி விரலில் கொஞ்சம் கிரீஸ் எடுத்து, இன்ஜெக்டரின் உடம்பைச் சுற்றி மெல்லிசாகத் தடவினார். நுனியில் படாமல் பார்த்துக்கொண்டார்.

"இடுப்புல மட்டுந்தான் பூசணும், மூக்குல படக்கூடாது."

"இது எதுக்கு? இல்லாட்டா ஓடாதா?" என்றேன்.

"ஓடுததுக்கு இல்ல டீச்சர். அடுத்த வருசம் கழட்டுததுக்கு. அன்னைக்குக் கையோட வரணும்லா."

எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்தது. இன்றைக்கு ஒரு பிரயோசனமும் இல்லாத ஒன்றை அடுத்த வருஷத்துக்காக இன்று பூசுவது. நான் அதை ரசித்துக்கொண்டிருந்தபோது, தொட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்த மாமனார் சும்மா கேட்டார்.

"என்னதுவே அது, உருக்காத வெண்ணெய் மாதிரி இருக்கு?"

"கிரீஸ் அண்ணாச்சி."

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம்தான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொழுப்பும் காரமும் சேர்ந்தால் சோப்பு என்று பாடம் நடத்தியிருந்தேன். கிரீஸுக்குள்ளும் ஒரு வகைச் சோப்பு உண்டு என்று எப்போதோ எங்கேயோ படித்த ஞாபகம். இரண்டையும் கூட்டினேன்.

"கிரீஸ்ங்கது எண்ணெயும் சோப்பும் மாமா. அந்தச் சோப்ப மாட்டுக் கொழுப்புலதான் செய்வாங்க."

வகுப்பில் ஒரு சமன்பாட்டைச் சரியாகப் போட்டு முடித்ததும் வருமே, அந்தத் திருப்தி எனக்கு வந்தது. மாமனார் எழுந்து நின்றார். மெக்கானிக்கின் விசில் நின்றது.

"ஏவே, அதத் தூரப் போடும்."

"அண்ணாச்சி, இது பூசாட்டா நாசில் ஹெட்டோட கட்டிக்கிடும். பொறவு யானையக் கொண்டாந்து இழுத்தாலும் வராது."

"இந்தத் தண்ணியத்தான் நான் சாமி தலையில ஊத்துதேன். அந்தக் கொழுப்பு இந்தக் கொட்டகைக்குள்ள இருக்கப்படாது."

"பம்பு பேரிங்குக்குள்ளயும் கிரீஸ்தான் இருக்கு அண்ணாச்சி."

மாமனார் யோசித்தார். ரெவின்யூவில் முப்பது வருஷம் இருந்தவருக்கு எந்தச் சிக்கலிலும் ஒரு விதி கிடைத்துவிடும். "அது கம்பெனிக்காரன் உள்ள வச்சி மூடுனது. நாம பாக்கல. இது நம்ம கண்ணு முன்னால பூசுதது."

"அப்போ இதுக்கு எதத்தான் பூச?"

"ஏன், நல்லெண்ணெய் இருக்குல்லா?" என்றவர் என்னைப் பார்த்தார். "என்னம்மா, சரியா இருக்குமா?"

சைவ வீட்டில் நல்லெண்ணெய் விளக்குக்கும் ஆகும், தலைக்கும் ஆகும், இட்லிப் பொடிக்கும் ஆகும். நாசிலுக்கு ஆகாதா என்ன? "வழுக்கணும், அம்புட்டுத்தானே மாமா. எண்ணெய்னா எல்லாம் ஒண்ணுதான்" என்றேன்.

குத்தகைக்காரி ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மெக்கானிக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கொட்டகை மாடத்தில் விளக்குக்காக வைத்திருந்த எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். மெக்கானிக் கிரீஸைத் துணியால் வழித்துவிட்டு, இன்ஜெக்டரை நல்லெண்ணெயில் குளிப்பாட்டிச் செருகி, நட்டை இறுக்கினார். சாமானையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

நாலைந்து நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடைத்தெருவில் அவர் என்னை நிறுத்தினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். அந்தக் கிரீஸுல பன்னிக் கொழுப்பும் சேப்பானுவளோ?"

இருபது வருஷமாக அந்த டப்பாவுக்குள் கை விடுகிறவர். ராத்திரி படுத்தால் இதுதான் நினைப்பு என்றார். எனக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் இருக்காது" என்று சொன்னேன். எதை வைத்துச் சொன்னேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அவர் முகத்திலும் தெளிவு வரவில்லை. பின்னால் அவரே பள்ளிவாசலில் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: "ஹஜ்ரத்துகிட்ட கேட்டேன். தெரியாத சாமானுக்கு என்ன செய்ய, கைய நல்லாக் கழுவிட்டுத் தொழுவச் சொல்லிட்டாஹ." அவர் பிரச்சினை தீர்ந்தது. என்னுடையது அப்போது தொடங்கியிருக்கவில்லை.

ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை. கால்வாய் நிறைய தண்ணீர் போனது. என்ஜினுக்கு வேலை இல்லாமல் அது கொட்டகைக்குள் ஈரத்தில் கிடந்தது. தையிலும் மாசியிலும் எப்போதாவது அரைமணி நேரம் ஓட்டியதோடு சரி. பங்குனி பிறந்து கால்வாயை அடைத்தார்கள். அதே நேரத்தில் வாழை குலை தள்ளத் தொடங்கியது. வாழைக்கு எந்த நேரத்தில் தண்ணீர் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும், குலை தள்ளுகிற நேரத்தில் பொறுக்காது என்பாள் குத்தகைக்காரி. காய் எவ்வளவு திரளும் என்பது அந்தச் சில வாரங்களில்தான் முடிவாகும்.

என்ஜின் இரண்டு நாள் கரும்புகையோடு ஓடியது. மூன்றாம் நாள் இருமிவிட்டு நின்றது. மெக்கானிக் வந்து காதை வைத்துக் கேட்டார். "நாசில் அடைச்சிருக்கு. கழட்டி, கழுவி மாட்டுனா சரியாப் போயிரும். அரைமணி நேர வேலைதான்" என்றார்.

இரண்டு நட்டும் கழன்று வந்தன. இன்ஜெக்டர் வரவில்லை.

ஸ்பேனரை வைத்துத் திருகிப் பார்த்தார். நெம்பிப் பார்த்தார். அது துளைக்குள்ளேயே வார்த்ததுபோல் நின்றது. பாரையால் ஓங்கி அடிக்கலாமே என்றேன். "அடிச்சா ஹெட்டு வெடிச்சிரும் டீச்சர். புது ஹெட்டு கோயம்புத்தூர்ல இருந்து வரணும். எப்போ வருமோ. பையத்தான் போகணும்" என்றார். சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றி, மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, ஊறப் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. மாமனாரும் சொல்லவில்லை.

எல்லாருக்கும் அதே வெயில்தான், எல்லாருக்கும் அதே பங்குனிதான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருநாள் இரக்கப்பட்டு அரைமணி நேரம் தண்ணீரைத் திருப்பிவிட்டார். அது முதல் இரண்டு வரிசையைத் தாண்டவில்லை. குத்தகைக்காரி கிணற்றில் வாளியால் இறைத்துக் குடம் குடமாகச் சுமந்தாள். குலை தள்ளிய வாழைக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு குடம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுமந்து பார்த்தேன். பதினெட்டாவது குடத்தில் உட்கார்ந்துவிட்டேன். மத்தியானத்தில் இலைகளெல்லாம் நடுநரம்பில் மடிந்து தொங்கும். அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஆனால் நான் இப்படிப்பட்ட ஜென்மம்தான்: பயத்தோடு சேர்ந்து ஒரு கேள்வியும் அரித்துக்கொண்டே இருந்தது. எண்ணெய் எப்படிக் கட்டிக்கொள்ளும்? வழுக்குவதற்குத்தானே எண்ணெய்? கடைத்தெருவில் நாலு போல்ட்டும் நட்டும் வாங்கினேன். ஒன்றுக்கு நல்லெண்ணெய், ஒன்றுக்குத் தேங்காயெண்ணெய், ஒன்றுக்கு விளக்கெண்ணெய், நாலாவதற்கு மெக்கானிக்கிடம் ஒரு விரல் கிரீஸ் வாங்கிப் பூசினேன். நட்டை இறுக்கி, பள்ளிக்கூட ஆய்வகத்தில் மணல் தட்டில் புதைத்து மணிக்கணக்காகச் சூடு காட்டினேன். ஆறியதும் தண்ணீர் தெளித்து ஈரத்தில் வைத்தேன். மறுநாள் திரும்பவும் சூடு. இது என்ன பிராக்டிகல் மிஸ், எங்கள் புத்தகத்தில் இல்லையே என்று பிள்ளைகள் கேட்டார்கள். எனக்கு வைத்த பரீட்சை என்று சொல்லவில்லை. போய் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் நாள் திறந்து பார்த்தேன். கிரீஸ் பூசியது கறுத்துப்போயிருந்தது, ஆனால் நட்டு கையாலேயே சுழன்றது. தேங்காயெண்ணெய் போல்ட் முனகிக்கொண்டு வந்தது. விளக்கெண்ணெய்க்கு ஸ்பேனர் தேவைப்பட்டது. நல்லெண்ணெய் போல்ட்டில் ஸ்பேனர் வழுக்கி என் கைமூட்டுத்தான் உரிந்தது. அதன் மரைக்கு மேல் பழுப்பாக, பளபளவென்று ஒரு தோல். நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. சுரண்டும்போதே அந்தத் தோலை எனக்குத் தெரியும் என்று தோன்றியது.

புது இரும்பு தோசைக்கல் வாங்கினால் என்ன செய்வோம்? நல்லெண்ணெய் தடவிக் காயவைப்போம். திரும்பத் தடவுவோம், திரும்பக் காயவைப்போம். நாலு நாளில் எண்ணெய் எண்ணெயாக இருக்காது, கல்லின் மேல் தோலாகப் பிடித்துவிடும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கல்யாணமான புதிதில் அப்படி ஒரு கல்லை நானே பழக்கியிருக்கிறேன். அதே வேலையைத்தான் என்ஜின் தலைக்குள் செய்துவைத்திருந்தேன். என் கைக்குத் தெரிந்த ஒரு சங்கதி என் வாய்க்குத் தெரியாமல் போயிருக்கிறது. ஆய்வகத்தில் தனியாக நின்று சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் மடிந்து தொங்கும் வாழை இலைகள் ஞாபகத்துக்கு வந்துவிட்டன.

மிச்சமிருந்தது அந்த மாட்டுக் கொழுப்பு. சனிக்கிழமை பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். கல்லூரியில் விரிவுரையாளராக இருந்த சிநேகிதி என்னை நூலகத்துக்குள் கூட்டிப்போனாள். தூசி தட்டி எடுத்த ஒரு தடித்த புத்தகத்தில் கிரீஸுக்கென்றே ஒரு அத்தியாயம் இருந்தது. அதில் உள்ள சோப்பை மிருகக் கொழுப்பிலும் செய்யலாம், ஆமணக்கெண்ணெயிலும் செய்யலாம் என்று போட்டிருந்தது. ஆமணக்கு! நம் வேலியோரத்து ஆமணக்கு! எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஏரலுக்குத் திரும்பி, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக மெக்கானிக் கிரீஸ் வாங்கும் கடைக்குப் போனேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எடை இருந்தது, சின்னம் இருந்தது, எதில் செய்தது என்று இல்லை. கடைக்காரரிடம் இது மாட்டுக் கொழுப்பா, ஆமணக்கா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டீச்சர், எனக்குத் தெரிஞ்சது மஞ்சக் கிரீஸு, பச்சக் கிரீஸு. ரெண்டுல எது வேணும்?"

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக் ஒரு கனத்த இரும்புத் தகட்டில் துளை போட்டு, இரண்டு நீள போல்ட்டுகளோடு வந்தார். குத்தகைக்காரி செங்கல் அடுப்பு மூட்டி அண்டாவில் வெந்நீர் கொதிக்கவைத்தாள். என்ஜின் தலைக்குள் தண்ணீர் ஓடுகிற பாதையில் அந்த வெந்நீரை ஊற்றிக்கொண்டே இருக்கச் சொன்னார். "ஹெட்டு சூட்டுல கொஞ்சம் விரியும். அந்த நேரத்துல இழுக்கணும்." நான் ஊற்றினேன். அவர் தகட்டை இன்ஜெக்டரோடு பூட்டி, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகினார். நெற்றி வியர்வை தகட்டில் சொட்டியது.

டக் என்று ஒரு சத்தம். ஹெட்டு வெடித்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். இல்லை. இன்ஜெக்டர் ஒரு நூல் அளவு மேலே வந்திருந்தது. அதற்கப்புறம் முரண்டு பிடிக்கவில்லை. வெளியே எடுத்தபோது அதன் உடம்பு முழுக்கக் கருப்பும் பழுப்புமாக அதே தோசைக்கல் தோல். குத்தகைக்காரி ஒரு நொடிகூட நிற்கவில்லை. தண்ணீர் வரப்போகிறது என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் வாய்க்கால் வெட்டப் போய்விட்டாள்.

மெக்கானிக் தோலைச் சுரண்டி, மூக்கின் ஊசித் துளைகளைச் சுத்தம் செய்து, புதுச் செம்பு வாஷர் போட்டார். பைக்குள் கையை விட்டு அந்தத் தகர டப்பாவை எடுத்தவர், திறக்காமல் மாமனாரைப் பார்த்தார். மாமனார் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீதான் பாளையங்கோட்ட வரைக்கும் போயிப் புஸ்தகம் பாத்துட்டு வந்தியே. இதுல இருக்கது மாடா, ஆமணக்கா?"

ஆமணக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாருக்கும் நல்லது. மாமனார் மனசு குளிரும், அவர் பூசைக்கும் இடைஞ்சல் இல்லை. வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் புரட்டாசியில் நான் செய்ததும் இதேதான் என்று அந்த நிமிஷத்தில் உறைத்தது. அன்றும் எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது.

"தெரியல மாமா. ரெண்டுல எதுவா வேணும்னாலும் இருக்கலாம்."

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. தெரியவில்லை என்று அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் வாழையைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி. பூசும்வே. பயிரு காயுது" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "சாமிக்கு இனி ஆத்துத் தண்ணி எடுத்துக்கிடுதேன்" என்றார்.

மெக்கானிக் இடுப்பில் மட்டும் பூசினார். கைப்பிடியைச் சுற்றியதும் என்ஜின் மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை, பிறகு புகையே இல்லை. தண்ணீர் தொட்டியை நிறைத்து வாய்க்காலில் இறங்கி ஓடியது. கடைசி வரிசையிலிருந்து குத்தகைக்காரி, "வந்துட்டு, வந்துட்டு" என்று கத்தினாள்.

மறுநாளிலிருந்து மாமனார் ஆற்றுக்கு நடந்தார். போகும்போது வெறுங்குடம், பிரச்சினை இல்லை. வரும்போது இரண்டு இடத்தில் நின்று குடத்தைக் கைமாற்றுவார். அவர் என்னை ஒருநாளும் குறை சொல்லவில்லை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டே அவர் வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வரும். குடத்தை வாங்கப் போனால், "பூசைத் தண்ணிம்மா, நானே கொண்டாரணும்" என்பார்.

ஆனியில் வெட்டு ஆரம்பித்தது. முதலில் தள்ளிய குலையை முதலில் வெட்டி, தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுவந்து வைக்க வேண்டும். அங்கிருந்து அது கோயிலுக்குப் போகும். அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். குத்தகைக்காரி அந்த முதல் குலையைத் தோளில் சுமந்து வந்து நடைக்கூடத்தில் இறக்கினாள். மாமனார் ஆற்றிலிருந்து திரும்பியிருக்கவில்லை. மேலே நாலைந்து சீப்பு நன்றாகத் திரண்டிருந்தது. அதற்குக் கீழே காய்கள் சுண்டுவிரல் அளவுக்கு மெலிந்து, வளைந்து, பச்சையாகவே நின்றுபோயிருந்தன.

"நல்ல குலையாப் பாத்து மாத்திக் கொண்டாரலாமான்னு நெனச்சேன் டீச்சர். சாமிக்குப் போறதுல்லா, மனசு வரல" என்றாள்.

"எத்தன குலை இப்படி?"

"அந்த எட்டு நாள்ல தள்ளுனது பூராவும் இப்படித்தான். நூறுக்குக் கொறையாது. யாவாரி வந்து பாத்துட்டு, அத எண்ணிக்கையில சேக்க மாட்டேன்னுட்டாரு." அழுகை ஒன்றும் இல்லை அவளிடம். அழுது முடித்திருப்பாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, போகத் திரும்பியவள் வாசல்படியில் நின்றாள்.

"டீச்சர், கடைசியில அந்தக் கிரீஸுல மாட்டுக் கொழுப்பு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுதா?"

"இல்ல" என்றேன். "தெரியல."

"இன்னும் தெரியலையா?"

"ம்ஹூம்."

அவள் முகத்தில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. என் வகுப்பில் முதல் பெஞ்சில் இருக்கும் பிள்ளைகள் கேட்பதுபோல், தெரிந்துகொள்ள மட்டுமே கேட்டாள்.

"அப்போ அன்னைக்கு எப்பிடிச் சொன்னிய?"

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டே அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெட்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள்.